கலங்கல் தாண்டி வரும் ஆறு

அடையாறு எங்கே பிறக்கிறது என்று கேட்டால் சென்னைக்காரர்களில் பெரும்பாலோர் செம்பரம்பாக்கம் என்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அந்த விடை இன்னும் இறுகிவிட்டது. வடகிழக்குப் பருவமழை வலுத்ததும் தொலைக்காட்சி வண்டிகள் அந்த ஏரிக்கரையில் போய் நிற்கின்றன. ஐந்து கண் மதகு திறந்தார்களா, பத்தொன்பது கண் மதகு திறந்தார்களா, வினாடிக்கு எத்தனை கன அடி என்பதெல்லாம் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீட்டுப் பேச்சாகிவிடும். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் பொதுப்பணித் துறை ஆவணங்கள் இந்த ஆற்றின் தலைப்பாகக் காட்டுவது செம்பரம்பாக்கத்தை அல்ல, அதற்குத் தெற்கே கூடுவாஞ்சேரிப் பக்கம் இருக்கும் ஆதனூர் ஏரியை. அங்கிருந்து கடல் வரை ஏறத்தாழ 42 கிலோமீட்டர். இந்தத் தென்கிளையைப் பற்றி நகரத்துக்கு அநேகமாக எதுவும் தெரியாது. ஆற்றோரம் வசிப்பவர்களின் உயிரும் உடைமையும் அதைப் பொறுத்தும் இருக்கின்றன என்பதால் இந்த அறியாமை சாதாரணமானதல்ல.

தென்கிளையை மேலிருந்து வரிசையாகப் பார்க்கலாம். நந்திவரம் ஏரி நிரம்பினால் உபரிநீர் ஊரப்பாக்கம் வழியாக ஆதனூர்ப் பக்கம் வருகிறது. அங்கிருந்து மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம். மேற்கிலிருந்து மணிமங்கலம், சோமங்கலம், ஒரத்தூர் ஏரிகளின் நீர் தனித்தனி ஓடைகளாக வந்து சேர்கிறது. மணிமங்கலம் சின்ன ஊர்தான், ஆனால் பழைய ஊர். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் சாளுக்கிய இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு அதைக் குறிப்பிடுகிறது. இந்த நீர் எல்லாம் ஒன்றாகி வடக்கே நகர்ந்து திருநீர்மலைக்கு வருகிறது. செம்பரம்பாக்கத்தின் உபரி, சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் வழியாகக் கிழக்கே வந்து அதே திருநீர்மலைப் பக்கம் சேர்கிறது. நாம் நகரத்தில் காணும் அடையாறு அதற்குப் பிறகுதான் ஆறாக உருக்கொள்கிறது.

கடல் கிழக்கே இருக்கும்போது தென்கிளை ஏன் வடக்கு நோக்கி ஓடுகிறது? வழியை மறித்து மலை நிற்கிறது. வண்டலூரில் தொடங்கி, பல்லாவரம், திரிசூலம் என்று விட்டுவிட்டுத் தொடரும் குன்றுகள் பரங்கிமலையில் முடிகின்றன. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருநிறப் பாறைக்கு 1893-இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் இதே வகைப் பாறை என்பதால் வந்த பெயர் அது. உலகம் முழுவதும் நிலவியல் மாணவர்கள் படிக்கும் இந்தப் பாறைதான் நம் ஆற்றின் திசையைத் தீர்மானித்தது. குன்றுகளுக்கு மேற்கே விழும் மழை அடையாற்றுக்குப் போகிறது, கிழக்கே விழுவது பள்ளிக்கரணைச் சதுப்புக்கு. வடக்கே போகப் போகக் குன்றுகள் தாழ்ந்துவிடுவதால் பரங்கிமலையைத் தாண்டிய இடத்தில் ஆறு கிழக்கே திரும்புகிறது. ஆதம்பாக்கம், வேளச்சேரிப் பக்கத்து மழை வீராங்கல் ஓடை வழியாகப் பள்ளிக்கரணைக்குப் போய்விடும். ஆகாயத்திலிருந்து பார்த்தால் ஒரே வீட்டுக் கூட்டமாகத் தெரிகிற தென்சென்னை இப்படி இரண்டு வடிநிலங்களாகப் பிரிந்து கிடக்கிறது.

இந்த நில அமைப்பை ஒரே பார்வையில் பிடிக்க விரும்புகிறவர்கள் திருநீர்மலை ஏற வேண்டும். அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள், படியேறினால் மேலே ரங்கநாதர். திருமங்கையாழ்வார் இந்தத் தலத்துக்கு வந்தபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததாகவும், அது வடியும் வரை காத்திருந்து பிறகே தரிசித்ததாகவும் தலவரலாறு சொல்கிறது. வரலாற்றுச் சான்றாக அதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இரண்டு கிளைகள் கூடும் தாழ்நிலத்தில் தனித்து நிற்கும் குன்று என்பதை அந்தக் கதை சரியாகவே பிடித்துவைத்திருக்கிறது. இன்று மேலே நின்று பார்த்தால் புறவழிச்சாலையின் உயர்ந்த கரை, கல்குவாரிப் பள்ளங்கள், கிழக்கே விமானநிலையத்தின் ஓடுபாதை, இடைவெளி விடாமல் நெருங்கிய கூரைகள். நடுவே நாணலும் சீமைக்கருவேலமும் மண்டிய பச்சைக் கோடாக ஆறு. கோடையில் அந்தக் கோட்டில் ஓடுவது பெரும்பாலும் கழிவுநீர். ஆற்றின் அகலம் எவ்வளவு என்று அப்போது பார்த்தால் தெரியாது, கார்த்திகையில் பார்க்க வேண்டும்.

அடையாற்றின் கிளைகள் மலையில் ஊற்றெடுத்து இறங்குபவை அல்ல, ஏரிகளின் உபரி. சுமார் 200 ஏரிகளின் வழிந்த நீர் இதில் சேர்வதாகக் கணக்கு. ஆண்டு மழையான ஏறத்தாழ 140 சென்டிமீட்டரில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிடும் தட்டையான நாட்டில் வேறு எப்படியும் விவசாயம் செய்திருக்க முடியாது. சரிவுக்குக் குறுக்கே மண்கரை எழுப்பினார்கள். கரையில் மதகு வைத்து ஆயக்கட்டுக்கு நீர் விட்டார்கள். ஏரி கொள்ளாத நீர் கரையை உடைத்துவிடாமல் போகக் கலங்கல் கட்டினார்கள். ஒரு கலங்கல் வழிந்தால் அந்த நீர் போக்குக்கால்வாயில் இறங்கி அடுத்த ஏரிக்கு வரத்தாகும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்தது. கடைசி ஏரியும் தாங்காத நீர் ஆற்றுக்கு வரும்.

பழைய கலங்கல் ஒன்றைக் கிட்டப்போய்ப் பார்ப்பது நல்லது. கரையின் ஒரு கோடியில், கரையைவிடத் தாழ்வாக, கல்லால் கட்டிய நீண்ட மேடை. அதன் மேல் இடைவெளி விட்டு இடுப்பளவுக்கும் குறைவான கற்களை நட்டிருப்பார்கள். மழைக்காலத் தொடக்கத்தில் கற்களுக்கு நடுவே வழி திறந்தே இருக்கும். பெருவெள்ளம் வந்தால் தடையில்லாமல் போகும். பருவம் முடியும் தறுவாயில், இனிப் பெரிய மழை இல்லை என்று தெரிந்த பிறகு, ஊரார் அந்த இடைவெளிகளைப் பலகையும் மண்ணும் புல்கட்டியும் வைத்து அடைப்பார்கள். ஏரியில் கூடுதலாக ஓரடி நீர் நிற்கும்; அது கோடைப் பயிருக்கு. எப்போது அடைப்பது என்பதில் மேலூருக்கும் கீழூருக்கும் தகராறு வரும். சீக்கிரம் அடைத்தால் மேலே இருக்கும் நிலம் மூழ்கும், தாமதித்தால் கீழே பயிர் காயும். ஆண்டுதோறும் வானத்தைப் பார்த்து எடுத்த முடிவு அது. எந்த இயந்திரமும் இல்லாமல் வெள்ளத்தையும் வறட்சியையும் ஒரே சுவரில் சமாளித்த அந்த அறிவை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

அந்த ஏற்பாடு எங்கே குலைந்தது? ஆக்கிரமிப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மை, கண்ணெதிரே தெரிவது. அதற்கு முன்பே நடந்த ஒன்றை நாம் போதிய அளவு பேசுவதில்லை. தாம்பரத்தைச் சுற்றியும் அதற்கு மேற்கேயும் வயல்கள் மனைகளாயின. ஆயக்கட்டு போன பிறகு மதகைத் திறக்க ஆளில்லை, தேவையுமில்லை. முன்பு தையில் நிரம்பி நின்ற ஏரி பங்குனி, சித்திரைக்குள் பயிருக்குச் செலவாகிக் காலியாகிவிடும். அடுத்த ஐப்பசியில் முதல் மழை வரும்போது ஏரிக்குள் இடம் இருக்கும். இப்போது பல ஏரிகளில் வீட்டுக் கழிவுநீர் ஆண்டு முழுவதும் வந்து நிற்கிறது, இறைக்க யாரும் இல்லை. மழை தொடங்கும்போதே ஏரி பாதி நிறைந்திருக்கிறது. கொள்ளளவு காகிதத்தில் அப்படியே இருக்க, வெள்ளத்தைத் தாங்கும் இடம் குறைந்துவிட்டது. கால்வாய்களின் கதை இன்னும் எளிது. போக்குக்கால்வாய் ஆண்டில் சில வாரங்கள்தான் ஓடும். மற்ற மாதங்களில் அது வெறும் நிலம். வெறும் நிலமாகக் கண்ணுக்குத் தெரிவது புறநகரில் நீண்ட காலம் வெறுமனே கிடக்காது.

2015 டிசம்பர் 1 பகலிலிருந்து மறுநாள் காலை வரை பெய்த மழையை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். 2-ஆம் தேதி காலையில் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் பதிவாயின. செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. 2018-இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, 21 மணி நேரம் அப்படித் திறந்துவிட்டதைக் கடுமையாகக் கண்டித்து, நேர்ந்தது மனிதரால் விளைந்த பேரிடர் என்றது. அந்தக் கண்டனத்தை நான் மறுக்கவில்லை. ஏரியை முன்கூட்டியே இறக்கியிருக்க வேண்டும் என்ற வாதத்தில் வலு இருக்கிறது.

அதோடு இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம், பள்ளிக்கூடக் கணக்குதான். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் 10,000 கன மீட்டர் நீர். செம்பரம்பாக்கத்துக்கு வெளியே, தாம்பரத்துக்கு மேற்கே, வெறும் 100 சதுர கிலோமீட்டரை எடுத்துக்கொள்வோம். அங்கே 40 சென்டிமீட்டர் என்று குறைத்தே வைத்தாலும் 4 கோடி கன மீட்டர், அதாவது 141 கோடி கன அடி. செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 364.5 கோடி கன அடி; அதில் ஐந்தில் இரண்டு பங்கு நீர் ஒரே நாளில் வானத்திலிருந்து விழுந்திருக்கிறது. 24 மணி நேரத்தில் சீராக வடிந்தால்கூட வினாடிக்கு 16,000 கன அடிக்கு மேல். நவம்பர் முழுவதும் பெய்து ஏரிகள் நிரம்பி, மண் ஊறிப்போயிருந்த நேரத்தில் விழுந்ததில் பெரும்பகுதி ஓடத்தான் செய்திருக்கும், அதுவும் சீராக அல்ல. அடையாற்றின் வடிநிலம் மொத்தம் 500 சதுர கிலோமீட்டருக்கு மேல். இந்த நீரை நிறுத்தவோ தாமதப்படுத்தவோ யாரிடமும் திறவுகோல் இல்லை. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியது இதனால்தான். செம்பரம்பாக்கத்து நீர் திருநீர்மலையில்தான் சேர்கிறது, அந்த ஊர்கள் அதற்கு மேலே தென்கிளையில் இருக்கின்றன. 2020 நவம்பர் 25 அன்று நிவர் புயலை ஒட்டி, 2015-க்குப் பிறகு முதல் முறையாகச் செம்பரம்பாக்கம் திறக்கப்பட்டபோது கேமராக்கள் எல்லாம் மதகின் மேல் இருந்தன. அந்த மழையிலும் முடிச்சூர்ப் பக்கம் வீடுகளுக்குள் நீர் புகுந்தது.

திருநீர்மலைக்குக் கீழே ஆற்றின் பாதை விரைவாகச் சொல்லிவிடக்கூடியது. அனகாபுத்தூர், பொழிச்சலூர், கவுல்பஜார். விமானநிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை ஆற்றின் குறுக்கே பாலம் போட்டு நீட்டப்பட்டிருக்கிறது. 2015-இல் விமானநிலையம் நாள் கணக்கில் மூடிக் கிடந்தது. மணப்பாக்கத்துக்கு அருகே வடக்கிலிருந்து போரூர் ஏரியின் உபரி வருகிறது. பிறகு நந்தம்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை. சைதாப்பேட்டையில் 1726-இல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் தம் சொந்தப் பணத்தில் பாலம் கட்டினார். பரங்கிமலைக்குப் போகும் யாத்ரீகர்கள் வெள்ளத்தில் சிக்காமல் கடக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். மலைக்குப் படிக்கட்டும் அவர்தான் கட்டினார். பழைய பாலம் இருந்த இடத்தில் இன்று மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. உஸ்கானின் கல்வெட்டு மட்டும் பிழைத்திருக்கிறது.

தியாகராய நகருக்கும் அடையாற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, பிறைபோல வளைந்து ஒரு நெடிய ஏரி இருந்தது. வெள்ளைக்காரர்கள் 'லாங் டேங்க்' என்றார்கள்; மயிலாப்பூர் ஏரி என்றும் அதற்குப் பெயர். 1920-களில் அதைத் தூர்த்து எழுந்ததுதான் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராய செட்டியார் பெயரில் அமைந்த நகர். பனகல் பூங்காவை நடுவில் வைத்து, தெருக்களை நேர்த்தியாக வகுத்து, மரம் நட்டு, அக்காலத்தில் இந்தியாவிலேயே பேசப்பட்ட நகரத் திட்டம் அது. அந்த நேர்த்தியை இன்றும் உள்தெருக்களில் பார்க்கலாம். நுங்கம்பாக்கத்தில் எஞ்சியிருந்த ஏரிப்பள்ளமும் பின்னர் தூர்க்கப்பட்டது; 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஏரி போன பிறகு அதன் நீர் போக வழியாக மிஞ்சியது மாம்பலம் கால்வாய். வள்ளுவர் கோட்டத்துப் பக்கமிருந்து ஜி.என். செட்டி சாலை, தியாகராய நகர் தாண்டி நந்தனம் வழியாக அடையாற்றில் விழுகிறது. வரைபடத்தில் சாக்கடை என்று போட்டிருந்தாலும் வேலையைப் பார்த்தால் அதுவும் அடையாற்றின் துணையாறு.

2021 நவம்பர் தொடக்கத்தில் ஒரே இரவில் நுங்கம்பாக்கத்தில் 20 சென்டிமீட்டரைத் தாண்டிய மழை பெய்தபோது தியாகராய நகரின் தெருக்கள் நாள் கணக்கில் முழங்கால் நீரில் நின்றன. கால்வாயைச் சீரமைக்கும் பணி பாதியில் இருந்தது. கொட்டிய கட்டட இடிபாடுகள் கால்வாயிலேயே கிடந்து வழியை அடைத்திருந்தன. துணிக்கடைக்கு வந்தவர்களும் கடைக்காரர்களும் வடிகால் சரியில்லை என்று அலுத்துக்கொண்டார்கள். நியாயமான அலுப்புதான். ஆனால் அங்கே நீர் தேங்கியதற்கு, அது ஏரிப்படுகை என்பது முதல் காரணம். இன்னொன்றும் உண்டு. அடையாறு நிறைந்து ஓடும் நேரத்தில் மாம்பலம் கால்வாயின் வாய் ஆற்று மட்டத்துக்குக் கீழே போய்விடும். அப்போது கால்வாய் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நீர் வெளியேறாது, ஆறு பின்னோக்கித் தள்ளும். ஆதனூர்க் கலங்கலில் வழிகிற நீருக்கும் உஸ்மான் சாலையில் நிற்கிற நீருக்கும் உள்ள உறவு இது.

மயிலாப்பூர்ப் பக்கம் ஆறு கடலைச் சேருமிடம் தனிக் கட்டுரைக்கு உரியது, சுருக்கமாகச் சொல்கிறேன். கோட்டூர்புரத்துக்குக் கீழே ஆறு அகன்று, கடலின் ஏற்றவற்றம் உள்ளே வந்துபோகும் கழிமுகமாகிறது. இங்கேதான் பக்கிங்காம் கால்வாய் குறுக்கிடுகிறது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அதன் நகரத் துண்டு, தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு வந்தவர்கள் 1877-78-இல் வெட்டியது. இன்று அதற்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. தென்கரையில் 1882-இல் வந்த பிரம்மஞான சபையின் தோப்பு, வடகரையில் குவிபிள் தீவைச் சுற்றி வளைந்த கழி. அந்தக் கழியில் 58 ஏக்கரைச் சீரமைத்து 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா திறந்தார்கள். குப்பை மேடாகக் கிடந்த இடத்தில் மறுபடி உப்புநீர் வந்து, அலையாத்தி வேர்விட்டு, பறவை இறங்குகிறது. சென்னையின் நீர்நிலைகளில் உருப்படியாக நடந்த வேலை என்று தயக்கமில்லாமல் சொல்லக்கூடிய சிலவற்றில் அது ஒன்று.

முகத்துவாரத்தில் ஆற்றுக்குத் தடை மணல். ஆண்டின் பெரும்பகுதி இந்தக் கரையில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் எழுந்ததும் மணல் அதன் தெற்கே தேங்க ஆரம்பித்தது. மெரினா இவ்வளவு அகன்றது அதனால்தான். மேலிருந்து வரும் ஓட்டம் வலுவிழந்த மாதங்களில் அடையாற்று வாயிலும் மணல்திட்டு வளர்ந்து வழியை ஒடுக்குகிறது. சீனிவாசபுரத்து, ஊரூர் குப்பத்து மீனவர்களுக்கு வாய் திறந்திருக்கிறதா அடைத்திருக்கிறதா என்பது அன்றாட விஷயம். வாய் திறந்திருந்தால் மடவையும் இறாலும் உள்ளே ஏறும்; அடைத்துவிட்டால் கழிவுநீர் தேங்கி மீன் செத்து மிதக்கும். மழைக்கு முன் அரசு எந்திரம் வைத்து வாயை வெட்டிவிடுகிறது, சில மாதங்களில் மணல் திரும்பிவிடுகிறது. அங்கே 1967-இல் கட்டிய பாலம் 1977-இல் வெள்ளத்தில் உடைந்தது. மீதித் துண்டு இன்றும் நிற்கிறது. மாலையில் இளைஞர்கள் படமெடுக்கப் போகிறார்கள்.

2015-க்குப் பிறகு தென்கிளையில் வேலை நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. வரதராஜபுரம் பக்கம் ஆற்றை அகலப்படுத்திக் கரை உயர்த்தினார்கள். முடிச்சூர்ப் பக்கம் மூடுகால்வாய்கள் வந்தன. ஒரத்தூரில் இரண்டு ஏரிகளை இணைத்து நீர்த்தேக்கம் கட்டும் வேலை தொடங்கியது. இவற்றில் ஒரத்தூர்தான் முக்கியம் என்பது என் கருத்து. மற்றவை நீரை வேகமாகக் கீழே அனுப்புகின்றன. அந்த வேகம் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும்தான் போய் நிற்கும். ஒரத்தூர் நீரை மேலேயே பிடித்துவைக்கும்.

பெரும் செலவில்லாமல் இந்தப் பருவத்துக்கே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. மழைக்காலத்தில் நாளிதழ்களில் ஏரி நிலவரம் என்ற பெட்டி வருகிறது: பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், தேர்வாய் கண்டிகை. எல்லாம் குடிநீர் ஏரிகள்; நகரத்துக்கு எவ்வளவு குடிக்கக் கிடைக்கும் என்பதற்கான பட்டியல் அது. ஆதனூர், மணிமங்கலம், சோமங்கலம், நந்திவரம் அதில் இல்லை. அந்த நான்கு ஏரிகளின் கலங்கலிலும் நீர்மட்ட அளவுகோல் நட்டு, ஐப்பசி முதல் மார்கழி வரை காலையும் மாலையும் எந்தக் கலங்கல் எத்தனை அடி வழிகிறது என்று நீர்வளத் துறை வெளியிடட்டும். ஆதனூரில் வழியும் நீர் முடிச்சூருக்கும் அனகாபுத்தூருக்கும் வர எத்தனை மணி நேரம் ஆகும் என்பது இரண்டு மழைக்காலத்தில் தெரிந்துவிடும். ஜாபர்கான்பேட்டையில் தரைத்தளத்தில் குடியிருக்கும் குடும்பம் சான்றிதழ்களையும் மருந்துகளையும் மாடிக்கு ஏற்ற எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.